கல் இல்லாத ஊரும் கான்கிரீட் வீடும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பது பழமொழி. கல்யாணச் செலவையாவது கொஞ்சம் சுருக்கிக் கொள்ளலாம். பத்து வகைக் கூட்டு, பொரியலை ஆறாகக் குறைக்கலாம். வீட்டுக் கூரையில் அப்படிக் குறைக்க முடியாது. போட வேண்டிய சிமெண்டைப் போட்டே ஆக வேண்டும். வைக்க வேண்டிய கம்பியை வைத்தே ஆக வேண்டும்.

காரைக்காலில் ஒரு குடும்பம் சின்ன வீடு கட்டுகிறது என்று வைத்துக் கொள்வோம். கூரை 600 சதுர அடி. கனம் 5 அங்குலம். அந்தக் கூரையின் எடை என்ன தெரியுமா? ஏறத்தாழ 17 டன்! அதில் சிமெண்டு 55 மூட்டைக்கு மேல் போகும். ஒரு மூட்டை 50 கிலோ. ஆக, சிமெண்டின் எடை 3 டன்னுக்கும் குறைவுதான். மீதி எல்லாம் ஜல்லியும் மணலும் தண்ணீரும். ஜல்லி மட்டும் சுமார் 9 டன். மணல் சுமார் நாலரை டன்.

தண்ணீர் ஒன்றுதான் ஊரில் கிடைப்பது. மற்ற அனைத்தும் வெளியூரிலிருந்து வண்டி ஏறி வர வேண்டும். கூரை போடும் குடும்பம் சிமெண்டுக்கும் ஜல்லிக்கும் மட்டும் பணம் கொடுப்பதில்லை. தூரத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறது.

இந்தத் தூரத்தின் விலையை யார் குறைப்பது? சிமெண்டு, கான்கிரீட் தொழில் நடத்துவோரின் சங்கங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். ஒரு காலத்தில் இந்தியாவில் அவர்கள் அதைச் செய்தும் காட்டினார்கள்.

கிளிஞ்சல் சுட்ட காலம்

காரைக்கால் காவிரிப் படுகையின் கடைக்கோடி. அரசலாறு இங்கேதான் கடலில் கலக்கிறது. மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் வங்கக் கடல். ஆட்சியோ 130 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள புதுச்சேரியிலிருந்து நடக்கிறது. 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர் இது. 1954 நவம்பர் 1-ந் தேதி இந்தியாவின் ஆட்சிக்குள் வந்தது. 1962 ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது.

இந்த மண்ணில் நெல் விளையும். நல்ல களிமண் கிடைக்கும், செங்கல் அறுக்கலாம். ஆனால் பாறை கிடையாது. தோண்டத் தோண்ட வண்டல்தான். இது படுகை முழுவதற்கும் உள்ள குறை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழன்கூடக் கருங்கல்லைத் தொலைவிலிருந்துதான் கொண்டு வந்தான்.

கல் இல்லாத ஊர் தனக்கென்று ஒரு வழி கண்டிருந்தது. கடற்கரையில் கிளிஞ்சலைப் பொறுக்கினார்கள். சூளையில் சுட்டார்கள். சுண்ணாம்பாக்கி அரைத்தார்கள். செங்கல்லையும் அந்தச் சாந்தையும் வைத்துச் சுவர் எழுப்பினார்கள். காரைக்கால் கடற்கரையில் கிளிஞ்சல்மேடு என்று ஒரு மீனவர் கிராமம் இருக்கிறது. பெயரிலேயே கிளிஞ்சல்!

இந்தியாவில் முதன் முதலாகச் சிமெண்டு செய்து பார்த்ததும் கிளிஞ்சலை வைத்துத்தான். 1904-ல் சென்னையில் ஒரு கம்பெனி அந்த முயற்சியில் இறங்கியது. அது நிலைக்கவில்லை. பத்து ஆண்டு கழித்து, 1914-ல், குஜராத்தில் உள்ள போர்பந்தரில் ஆலை எழுந்தது. அதுதான் நிலைத்தது. காந்தியடிகள் பிறந்த அதே போர்பந்தர்.

கப்பலில் வந்த போட்டி

அப்போது முதல் உலகப் போர். வெளிநாட்டுக் கப்பல்கள் வருவது குறைந்தது. உள்நாட்டுச் சிமெண்டுக்குக் கிராக்கி ஏறியது. கட்னியிலும் லாக்கேரியிலும் ஆலைகள் வந்தன. லாபத்தைப் பார்த்துப் போர் முடிந்ததும் மேலும் பலர் ஆலை வைத்தார்கள். 1914-ல் ஆண்டுக்கு ஆயிரம் டன்கூட இல்லாத உற்பத்தி, 1924-ல் 2 லட்சம் டன்னைத் தாண்டியது.

அங்கேதான் சங்கடம் ஆரம்பமாயிற்று. சிமெண்டு ஆலை எங்கே இருக்க வேண்டும்? சுண்ணாம்புக் கல் இருக்கும் இடத்தில். அது நாட்டின் உட்பகுதி. சிமெண்டை அதிகம் வாங்கியவர்கள் எங்கே இருந்தார்கள்? பம்பாய், கல்கத்தா, சென்னை போன்ற துறைமுகப் பட்டணங்களில். உள்நாட்டு மூட்டை நூற்றுக்கணக்கான மைல் ரெயிலில் வந்தது. இங்கிலாந்து மூட்டையோ கப்பலில் நேரே துறைமுகத்தில் வந்து இறங்கியது. அடுத்த ஊரிலிருந்து வருவதைவிட, கடல் கடந்து வந்தது மலிவாக இருந்தது!

இது போதாதென்று ஆலைகள் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டன. ஒருவர் விலையைக் குறைத்தால் அடுத்தவர் அடக்க விலைக்கும் கீழே விற்றார். சில கம்பெனிகள் முழுகியே போயின. சுங்கத் தீர்வைக் குழு 1925-ல் இந்தப் பிரச்சினையை ஆராய்ந்தது. துறைமுகங்களுக்கு அனுப்பும் உள்நாட்டுச் சிமெண்டுக்கு மானியம் கொடுக்கலாம் என்றது. அன்றைய வெள்ளைக்கார அரசாங்கம் அதை ஏற்கவில்லை.

தங்கள் கையே தங்களுக்கு உதவி என்பது அப்போதுதான் ஆலைக்காரர்களுக்கு உறைத்தது.

மூன்று படிகள்

1925-ல் சிமெண்டு உற்பத்தியாளர் சங்கம் தோன்றியது. அது முதல் படி. 1927-ல் இந்திய கான்கிரீட் சங்கம் பிறந்தது. அது இரண்டாவது படி. 1930-ல் விற்பனைக்கென்று ஒரு பொதுக் கம்பெனி வந்தது. அது மூன்றாவது படி.

இவற்றில் கான்கிரீட் சங்கத்தின் வேலை தனி ரகம். அது ஒரு மூட்டைகூட விற்கவில்லை. சிமெண்டை எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றுக் கொடுத்தது. என்ன விகிதத்தில் கலக்க வேண்டும், எவ்வளவு தண்ணீர் விட வேண்டும், கம்பியை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இலவசமாக யோசனை சொன்னது. சிறு புத்தகங்கள் வெளியிட்டது. 1927-லேயே கான்கிரீட்டுக்கென்று ஆங்கிலப் பத்திரிகையும் தொடங்கியது. சுண்ணாம்புச் சாந்து தவிர வேறு தெரியாதிருந்த கொத்தனார்களும் ஓவர்சியர்களும் வாழ்ந்த காலம் அது. தெரியாத பொருளை யார் வாங்குவார்கள்? தெரிய வைத்தார்கள், வாங்கினார்கள்.

விற்பனைக் கம்பெனி தூரத்தைக் கவனித்தது. எந்த ஊருக்கு எந்த ஆலை பக்கமோ, அங்கிருந்தே அந்த ஊருக்குச் சரக்கு போக வேண்டும். வடக்கே செய்த மூட்டை தெற்கே வருவதும், தெற்கே செய்த மூட்டை வடக்கே போவதுமான வீண் அலைச்சல் குறைய வேண்டும். அதுதான் ஏற்பாடு. 1936-ல் எப்.இ. தின்ஷாவின் முயற்சியால் பத்துக் கம்பெனிகள் ஒன்றாக இணைந்தன. அவ்வளவு பாடுபட்ட தின்ஷா அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே காலமாகி விட்டார். இணைப்பை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

தமிழ்நாட்டிலும் ஆலைகள் வந்தன. கோவை மதுக்கரையில் 1934-ல் ஒன்று. திருச்சிச் சீமையில் கல்லக்குடியில் 1939-ல் ஒன்று. அந்த ஊருக்கு ஆலை முதலாளியின் பெயரால் டால்மியாபுரம் என்று பெயர் வைத்ததை எதிர்த்து 1953-ல் நடந்த போராட்டம் ஊரறிந்தது. நெல்லையில் தாழையூத்து ஆலை 1949-ல் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னாளில் அரியலூர்ப் பக்கம் ஆலை மேல் ஆலையாக எழுந்தது.

காரைக்காலுக்கு அரியலூர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்தான். அப்படியானால் சிமெண்டு மலிவாக வந்து சேர வேண்டுமே?

ஒரே விலை போய்த் தூர விலை வந்தது

சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் வேறு வழியைக் கையாண்டது. 1956-ல் அரசு வணிகக் கழகம் சிமெண்டு விநியோகத்தை ஏற்றது. ஆலை பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் ரெயில் நிலையத்தில் ஒரே விலை. வண்டிக் கூலியை எல்லாரும் பங்கு போட்டுக் கொண்டார்கள். தூரத்து ஊர்களுக்கு அது நிம்மதி.

ஆனால் மூட்டைதான் கிடைக்கவில்லை. பர்மிட்டுக்காகத் தாலுகா ஆபீசில் காத்திருந்த காலத்தைப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. 1982-ல் கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தினார்கள். 1989 மார்ச் 1-ந் தேதி முழுவதும் எடுத்து விட்டார்கள். கூலியைப் பங்கு போடும் முறையும் அத்தோடு போயிற்று.

இப்போது கடையில் மூட்டை எப்போதும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் தூரத்துக் கூலியை வாங்குபவர் தலையில் வைக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் சிமெண்டு மீதான சரக்கு சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அரசாங்கம் தன் பங்கைக் குறைத்தது. அடுத்துக் குறைய வேண்டியது வண்டிக் கூலி.

சங்கம் சேர்ந்தால் எல்லாம் நன்மையா?

அதுவும் இல்லை. விற்பவர்கள் ஓரிடத்தில் கூடினால் இரண்டு காரியம் நடக்கலாம். வண்டிக் கூலியைக் குறைப்பது எப்படி என்று பேசலாம். விலையை ஏற்றுவது எப்படி என்றும் பேசலாம். முதல் பேச்சு ஊருக்கு நல்லது. இரண்டாவது பேச்சு ஊரைக் கெடுக்கும்.

இது வெறும் சந்தேகம் அல்ல. இந்தியப் போட்டி ஆணையம் 2012 ஜூன் மாதம் ஒரு தீர்ப்பு வழங்கியது. பெரிய சிமெண்டுக் கம்பெனிகள் கூடிப் பேசி உற்பத்தியையும் விலையையும் கட்டுப்படுத்தின என்று கூறி, 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. சிமெண்டு உற்பத்தியாளர் சங்கமும் அதில் சிக்கியது. மேல்முறையீட்டில் அந்த உத்தரவு ரத்தாகி, மறு விசாரணை நடந்தது. 2016 ஆகஸ்டில் ஆணையம் மீண்டும் அபராதம் விதித்தது. 2018 ஜூலையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் சென்றன.

ஆகையால் சங்கம் வேண்டும் என்று சொல்லும்போதே, எதற்காகச் சங்கம் என்றும் கேட்க வேண்டும். கற்றுக் கொடுக்கவும் கூலியைக் குறைக்கவும் சங்கம் வேண்டும். விலை பேச வேண்டாம்.

வாசலில் துறைமுகம்

காரைக்காலின் நிலைமைக்கு வருவோம். பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898-லேயே ரெயில் ஓடியது. 1980-களில் அது நின்றது. தண்டவாளத்தையும் எடுத்து விட்டார்கள். கால் நூற்றாண்டு காலம் ஊருக்கு ரெயிலே இல்லை. 2011-ல் நாகூரிலிருந்து அகலப் பாதை வந்தது. பழைய பேரளம் பாதையும் இப்போது அகலப் பாதையாக மீண்டும் போடப்பட்டிருக்கிறது.

திருமலைராயன்பட்டினத்தை அடுத்த வாஞ்சூரில் 2009 முதல் துறைமுகம் நடக்கிறது. தொடங்கிய நிறுவனத்தின் கையிலிருந்து 2023-ல் அதானி நிறுவனத்தின் கைக்கு அது மாறியது. அங்கே இறங்கும் பெரிய சரக்கு நிலக்கரி. அந்தக் கரியை எரிப்பவர்களில் உள்நாட்டுச் சிமெண்டு ஆலைகளும் உண்டு.

இதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். சிமெண்டு ஆலையின் அடுப்புக்குக் கரி காரைக்கால் வழியாகப் போகிறது. கரித் தூசு பற்றி வாஞ்சூர், நாகூர் மக்கள் பலமுறை முறையிட்டிருக்கிறார்கள். தூசு இந்த ஊருக்கு. சிமெண்டு வாங்கும்போது தூரத்துக் கூலியும் இந்த ஊருக்கு. இது என்ன நியாயம்?

கரி கொண்டு போகும் ரெயில் பெட்டிகள் கரியை இறக்கிவிட்டுத் திரும்ப வர வேண்டியவை. வெறும் பெட்டியாக வருவதில் யாருக்கும் லாபம் இல்லை. அதிலேயே சிமெண்டை ஏற்றலாமே என்று தோன்றும். ஏற்றக் கூடாது. கரிப் பெட்டி திறந்த பெட்டி. ஒரு மழை போதும், மூட்டை கல்லாகிவிடும். சிமெண்டுக்கு மூடிய பெட்டி வேண்டும். ஆனால் ஜல்லி மழையில் நனைந்தால் கெடாது. கூரையின் 17 டன்னில் 9 டன் ஜல்லி என்பதை மறக்கக் கூடாது. கல் குவாரி உள்ள பகுதிகள் வழியாகத் திரும்பும் திறந்த பெட்டிகளில் ஜல்லியை ஏற்றி வந்தால், நூற்றுக்கணக்கான லாரிகள் சாலையில் ஓடுவது மிச்சமாகும். கழுவிச் சலித்த பிறகே அந்த ஜல்லியைக் கலவையில் போட வேண்டும். கரித் தூள் ஒட்டியிருந்தால் கான்கிரீட்டுக்குக் கேடு.

ஒரு கடைக்காரர் தனியாக ஒரு ரெயிலை அமர்த்த முடியாது. பத்துக் கடைக்காரர்கள், ஐந்து கட்டிடக் கான்டிராக்டர்கள், இரண்டு ஆலைகள் சேர்ந்தால் முடியும். சேர்ப்பதற்குத்தான் சங்கம்.

கடல் வழியும் இருக்கிறது. குஜராத்தில் ஒரு கம்பெனி 1993 முதல் சிமெண்டை மூட்டை கட்டாமல் தூளாகவே கப்பலில் ஏற்றி அனுப்பி வருகிறது. ஒரு காலத்தில் வெளிநாட்டுச் சிமெண்டு எந்த வழியாக வந்து உள்நாட்டுக்காரரை அடித்ததோ, அதே வழியை உள்நாட்டுக்காரர் தமக்குச் சாதகமாக்கிக் கொண்டார். துறைமுகத்தை வாசலில் வைத்திருக்கும் காரைக்கால் இதைப் பார்த்துக் கொண்டு சும்மா இருக்கலாமா?

இரண்டு மணி நேரக் கணக்கு

இப்போது பட்டணங்களில் கான்கிரீட்டைக் கலந்தே கொண்டு வந்து விடுகிறார்கள். சுற்றிக் கொண்டே வரும் உருளை வண்டியைப் பலரும் பார்த்திருப்பார்கள். இந்தியாவில் 1990-களில் வந்த முறை இது. அந்தத் தொழில்காரர்கள் 2002-ல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். கலக்கும் நிலையங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஏற்பாடும் செய்தார்கள். பாராட்ட வேண்டிய காரியம்.

ஆனால் இந்த வண்டிக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஏற்றிய இரண்டு மணி நேரத்துக்குள் கலவையை இறக்கிவிட வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. வழியில் ரெயில்வே கேட் மூடியிருக்கலாம். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சிக் கூட்டம் சாலையை அடைத்திருக்கலாம். நேரம் போனால் கலவை இறுகும். இறுகியதில் தண்ணீரை ஊற்றி இளக்கினால் பார்வைக்குச் சரியாக இருக்கும், பலம் போய்விடும். ஏற்றிய நேரம் வண்டிச் சீட்டில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு.

உப்புக்கு அஞ்ச வேண்டும்

விளம்பரம் என்றால் என்ன? நடிகர் படம் போட்ட பலகையா? 1927-ல் சங்கம் செய்ததுதான் உண்மையான விளம்பரம். காரைக்காலுக்கு அந்த விளம்பரம் இன்றும் தேவை. ஏன்? இது உப்புக் காற்று ஊர்.

உப்பு கான்கிரீட்டுக்குள் போனால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டைப் பிளக்கும். முதலில் கோடு விழும். பிறகு காரை உதிரும். ஒரு நாள் தளத் துண்டு தலையில் விழும்.

2004 டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கியது. காரைக்கால் கடலோரத்தில் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. கூரை வீடுகள் இருந்த இடம் தெரியவில்லை. பிறகு மீனவர்களுக்குக் கான்கிரீட் வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். கடலுக்குப் பயந்து கட்டிய வீடு. அதைக் கடல் காற்றே உள்ளிருந்து அரிக்கும்படி விடலாமா?

ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து கொள்ள வேண்டியவை சில உண்டு.

கடல் மணலைக் கலவையில் சேர்க்கக் கூடாது. உப்புத் தண்ணீரில் கம்பிக் கான்கிரீட் கலக்கக் கூடாது. போர்த் தண்ணீர் கரித்தால் நல்ல தண்ணீர் வண்டியை அழைக்க வேண்டும்.

கடல் காற்று நேரே படும் தூண், உத்தரம் ஆகியவற்றில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மறைவு இருக்க வேண்டும். கம்பி பலகையை ஒட்டிக் கிடந்தால் வேலையை நிறுத்திவிட வேண்டும்.

சாதாரணச் சிமெண்டு என்றால் 7 நாளாவது, கலப்புச் சிமெண்டு என்றால் 10 நாளாவது தண்ணீர் காட்டி ஈரமாக வைத்திருக்க வேண்டும். இதற்குச் செலவு இல்லை. வீட்டு அம்மாளின் கவனம் ஒன்றே போதும்.

மூட்டையில் அச்சடித்த தேதியைப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் கிடந்த சிமெண்டு தன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழந்து விடலாம். மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றால் ஏன் என்று கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியது

தொழில்காரர் சங்கங்கள் முன் வைக்க வேண்டிய கோரிக்கைகள் பெரியவை அல்ல.

மேலே சொன்ன விவரங்களைப் பெரிய எழுத்தில், எளிய தமிழில், படத்துடன் அச்சடித்து ஒவ்வொரு சிமெண்டுக் கடையிலும் மாட்டட்டும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கொம்யூன் தோறும் செயல் விளக்கம் நடத்தட்டும். கூலி போகும் என்று அவர்கள் வர மாட்டார்கள். எனவே அன்றையக் கூலியைச் சங்கமே கொடுக்கட்டும்.

ஆலை விலை இவ்வளவு, வண்டிக் கூலி இவ்வளவு, வரி இவ்வளவு என்று பிரித்துக் கடையில் எழுதிப் போடட்டும். பிரித்து எழுதினால்தான் எது அதிகம் என்று தெரியும். ஒளிவு மறைவு இல்லாத சங்கத்தின் மேல் யாரும் பழி சொல்ல மாட்டார்கள்.

காரைக்காலில் சரக்கு இறக்கும் இடத்தில் சிமெண்டுக்கென்று மூடிய கொட்டகை, ஜல்லிக்கென்று தனித் தளம் அமைக்க ரெயில்வேயையும் துறைமுகத்தையும் புதுச்சேரி அரசாங்கத்தையும் சங்கங்கள் கூட்டாகக் கேட்கட்டும். கரித் தூசுக்கு மூடி போடுவதையும் அதே மேசையில் பேசட்டும்.

ஏழைக் குடும்பம் ஆயுளில் ஒரு முறைதான் வீடு கட்டுகிறது. தாலியை அடகு வைத்துக் கட்டுகிறது. வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளை அனுப்பிய பணத்தில் கட்டுகிறது. அந்தப் பணத்தில் வீணாகச் சாலையில் ஓடி அழியும் ரூபாய் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கட்டிய கூரையும் பேரப்பிள்ளை காலம் வரை நிற்க வேண்டும்.

நூறு ஆண்டுக்கு முன், நஷ்டத்தில் தவித்த ஆலைக்காரர்கள் தங்களைக் காப்பாற்றிக் கொள்ளச் சங்கம் கண்டார்கள். பிழைத்தார்கள், செழித்தார்கள். இப்போது அவர்கள் மூட்டை வாங்குகிறவரைக் காப்பாற்ற வேண்டிய முறை. கல் இல்லாத ஊரில் கான்கிரீட் வீடு கட்டுகிறவருக்கு அவர்கள் பட்டிருக்கும் கடன் அது.